எந்தத் தொடர், எந்த வயதில்? சிங்கப்பூர்ப் பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

மகன் தொடக்கநிலை 3. துணைப்பாட நிலையத்தில் அவனது லெக்சைல் (ஆங்கில வாசிப்பு நிலையைக் காட்டும் எண்) 900 என்றார்கள். அந்த எண்ணுக்கேற்ற நூல்களை வாங்கிக் கொடுக்கலாமா? (பொங்கோல்)

எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாக்கியத்தின் நீளம், சொற்களின் புழக்கம் இரண்டையும் வைத்துத்தான் லெக்சைல் கணக்கிடுகிறது. கதையில் யாருக்கு என்ன நேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஹாரி பாட்டர் முதல் நூலுக்கு 880. 1930களில் நிலமிழந்து பசியோடு அலையும் அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலுக்கு 680. எண்ணை நம்பினால் உங்கள் மகனுக்கு இதுதான் எளிது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதை யாரும் கொடுக்கமாட்டோம். எண்ணுக்கு முன்னால் ‘எச்எல்’ என்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை. மொழி எளிதாக இருக்கும், கதை பெரிய பிள்ளைகளுக்கானதாக இருக்கும்.

எட்டு வயது மகள் ஹாரி பாட்டர் முதல் நூலை முடித்துவிட்டாள். மீதி ஆறையும் கேட்கிறாள். (உட்லண்ட்ஸ்)

மூன்றாம் நூல்வரை தாராளமாகப் படிக்கட்டும். நான்காவதில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். அங்கிருந்து கதை இருண்டுகொண்டே போகிறது. தொடங்கும்போது ஹாரிக்கு 11 வயது, முடியும்போது 17. இந்நூல்கள் 1997 முதல் 2007 வரை ஒவ்வொன்றாக வெளிவந்தன. அன்றைய வாசகர்கள் அடுத்த நூலுக்காகக் காத்திருந்தபோதே வளர்ந்தும்விட்டார்கள். இன்று ஏழும் ஒரே அலமாரியில் இருக்கின்றன, விடுமுறைக்குள் முடித்துவிடலாம். நான்காவதை ஓரிரு ஆண்டு தள்ளிப்போடுங்கள், அல்லது கூடவே நீங்களும் படியுங்கள்.

எந்தத் தொடரானாலும் முதல் நூலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசியாக வந்ததை இரவல் வாங்கி, நடுவில் ஓர் அத்தியாயமும் இறுதி அத்தியாயமும் படியுங்கள். நான் முதலில் தேடுவது, யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்பதைத்தான். குண்டான பிள்ளையையா, கறுப்பான பிள்ளையையா, வேறு விதமாக ஆங்கிலம் பேசுபவரையா? நம் வகுப்பறைகளில் நம் பிள்ளைகளே அந்தச் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். பேய்க்கதையைவிட எனக்கு அச்சம் தருவது அதுதான். அடிபட்ட பிள்ளைக்குத் துணையாகக் கதையில் யாராவது நிற்கிறார்களா என்றும் பாருங்கள்.

நூலகத்தின் சிறுவர் பகுதியில் இருந்தால் போதாதா? (ஈசூன்)

பெரும்பாலும் போதும். ஆனால் 2014இல் ஒரே பாலினப் பெற்றோரும் இடம்பெறும் குடும்பங்களைப் பற்றிய மூன்று சிறுவர் நூல்களைத் தேசிய நூலக வாரியம் விலக்கியபோது எழுந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு நூல்கள் பெரியவர் பகுதிக்கு மாற்றப்பட்டன. மூன்றாவது அதற்குள் கூழாக்கப்பட்டிருந்தது. அலமாரி என்பது ஒரு நிறுவனத்தின் முடிவு. உங்கள் வீட்டுக்கான முடிவை நீங்கள்தான் எடுக்கவேண்டும்.

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்கள் புரியாவிட்டால் அந்த நூல் கடினம் என்கிறார்கள். தமிழ் நூல்களில் முதல் பக்கத்திலேயே ஐந்து வந்துவிடுகிறதே? (தெம்பனிஸ்)

வரத்தான் செய்யும். வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ், நூலில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘போயிட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘போய்விட்டார்கள்’ என்பதைக் கண்டு திணறினால் சொல் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். கேட்டும் புரியாத சொற்களை மட்டும் எண்ணுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளை தானே படிக்க ஒரு நிலை குறைத்தும், நீங்கள் படித்துக் காட்ட ஒரு நிலை கூட்டியும் எடுங்கள்.