ஜார்ஜ் டவுன் மொத்த வணிகத் தெருக்கள்: கேள்வி பதில்

கேள்வி: சென்னை ஜார்ஜ் டவுனில் காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, ஜவுளிக்குக் கோடவுன் தெரு என்று தெருவுக்கு ஒரு சரக்காக இருக்கிறதே. போட்டிக்காரர்கள் அடுத்தடுத்துக் கடை போடுவது நஷ்டமில்லையா ஐயா?

பதில்: சில்லறை வியாபாரத்துக்குத்தான் அது நஷ்டம். மொத்தக் கடைக்கு வருபவர் வெளியூர் வியாபாரி; காலையில் ரயிலிறங்கிப் பத்துக் கடையில் விலை விசாரித்து, இருட்டுவதற்குள் சரக்கைக் கட்டி அனுப்பிவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர். கேட்ட ரகம் ஒரு கடையில் இல்லையென்றால் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்து, மாலையில் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரண்மனை இருந்தது?

பதில்: அரண்மனை எதுவும் இல்லை. அர்மீனியர் தெரு என்ற பெயர்தான் மக்கள் வாயில் அப்படி மருவிற்று. அர்மீனியர்கள் 1772-இல் கட்டிய தேவாலயம் இன்றும் அங்கேயே நிற்கிறது. அருகிலுள்ள பவளக்காரத் தெருவின் பெயர் மட்டும் மருவவில்லை. மத்தியதரைக் கடலின் பவளம் இங்கே இறங்க, கோல்கொண்டா வைரம் இங்கிருந்து லண்டனுக்குப் போயிற்று. அந்த வணிகத்தில் போர்ச்சுகீசிய வழிவந்த யூதர்கள் முன்னணியில் இருந்தனர்.

கேள்வி: வங்கிகள் பெருகாத காலத்தில் ரங்கூனுக்குப் பணம் எப்படிப் போனது?

பதில்: பணம் கப்பலேறவில்லை, உண்டியல் என்ற தாள்தான் ஏறியது. இங்குள்ள நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடையில் ரூபாயைக் கட்டினால், ரங்கூனிலுள்ள அவர்களது கிட்டங்கிக்கு, அதாவது அங்குள்ள வணிக இடத்துக்கு, ஓர் உண்டியல் எழுதித் தருவார்கள். அதைக் காட்டியதும் அங்குள்ளவர் தொகையை எண்ணிக் கொடுத்துவிடுவார். இரு ஊர்க் கடைகளும் பற்று வரவில் அதை நேர்செய்துகொள்ளும். எழுதியவர் பெயருக்கு மதிப்பு இல்லையென்றால் அது வெறும் காகிதம்தான் என்பதால், ஓர் உண்டியல் திரும்பினால் அந்தச் செய்தி தெரு முழுவதும் பரவிக் கடையையே சாய்த்துவிடும். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின் அங்கே நெல் விவசாயம் விரிந்ததில் நகரத்தார் கொடுத்த கடன் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1942-இல் ஜப்பானியப் படைகள் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வழி அறுந்தது.

கேள்வி: காய்கறிச் சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனபின் இங்கே வணிகம் முடிந்துவிட்டதா?

பதில்: 1996-இல் போனது காய்கறி, பழம், பூ வியாபாரம். அன்றன்றே விற்றுத் தீர வேண்டிய சரக்கு, லாரி எளிதாக நுழையும் இடத்துக்குப் போவது இயல்பு. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று குறுக்கே நின்றாலே போக்குவரத்து நின்றுவிடும். மளிகையும் காகிதமும் ஜவுளியும் கடனுக்குக் கைமாறும் சரக்குகள் என்பதால், யாருக்கு எத்தனை நாள் தவணை தரலாம் என்று அறிந்தவர்கள் இருக்கும் தெருவை விட்டு அவை நகரவில்லை என்பது என் கணிப்பு.