புதன்கிழமை ஆஃபர்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கட்டுரைகளை ரொம்ப நாளாகப் படித்தாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டில் புதன்கிழமை ராத்திரி அடுப்பு எரிவதில்லை. ஒரு பர்கர் கடையில் அன்றைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். காலையிலேயே பிள்ளைகள் அந்தப் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, வீடு திரும்ப ஆறு மணி ஆகும். “மட்டன் எடுத்துச் சமைப்பதைவிட இது மலிவு” என்கிறாள். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது, மனசுதான் ஒப்பவில்லை. நம் ஆச்சிமார் செய்த பலகாரங்கள் எவ்வளவு ஆரோக்கியமானவை! இப்போதுள்ள பெண்களுக்கு அடுப்படி என்றாலே கசக்கிறது. இந்த ஆஃபர்களில் நல்லது ஏதாவது உண்டா, முழுக்கக் கெடுதல்தானா?

என் ஆத்தாவுக்கு 79 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வாரம் முழுக்க எங்களைத் திட்டுகிறார். புதன் ராத்திரி மட்டும் அந்த உருளைக்கிழங்குக் குச்சியைக் கேட்டு வாங்கித் தின்கிறார்.

ஒரு வாசகன், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

ஆத்தா வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அவர்களுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது.

பலகாரம் ஆரோக்கியமானது என்று யார் சொன்னது? வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், மணகோலம், அதிரசம். இதில் எது எண்ணெய்ச் சட்டியைத் தொடாமல் வருகிறது? நம் கல்யாணப் பலகாரப் பட்டியலைச் சர்க்கரை டாக்டர் யாரிடமாவது காட்டிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அதில் இருக்கிறது. அத்தனை பேரும் பர்கர் தின்று வாங்கிக்கொண்டதில்லை, தம்பி. சோற்றுக்கும் அதில் பங்குண்டு, நம் சீயத்துக்கும் உண்டு.

ஆனாலும் அந்தக் காலத்தில் பலகாரத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது. வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறப்போட்டு, வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி மாவு விட்டால் அது அடியில் போய், ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, உப்பி மேலே வரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரப்பட்டு இரண்டாவதை ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டும் கெடும். கானாடுகாத்தானில் எங்கள் வளவில் பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். முதல் சுற்றில் ஒன்று கிடைத்தால் அடுத்தது வருவதற்குள் மிளகாய்த் துவையலை நக்கியே பாதி வயிறு நிறைந்துவிடும். மூன்றாவதுக்குக் கை நீட்டினால் அப்பத்தா ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சும்மா பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குக் கை தானாக மடங்கிவிடும்.

வேறு வைப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதே வீட்டில் தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு எண்ணெய் என்று அளந்து கொடுப்பார்கள். என் ஆத்தா எண்ணெய்த் தகரத்தின் வெளியே கரியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஆடிக்குள் இந்தக் கோடு, தீபாவளிக்குள் அந்தக் கோடு. எண்ணெய் கோட்டைத் தாண்டி இறங்கினால் அந்த வாரம் சீயம் கிடையாது. சிக்கனத்துக்காகப் போட்ட கோடுதான், ஆரோக்கியத்துக்காக இல்லை. எங்கள் வயிற்றுக்கு அது தெரியாது.

இப்போது அந்தக் கரித்துண்டு கடைக்காரர் கையில் இருக்கிறது. போன வருஷம் பேரனோடு மதுரைக்குப் போயிருந்தபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன். வாசலில் 99 ரூபாய் என்று கொட்டை எழுத்து. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு திரை. பேரன் ஒரு பர்கரைத் தொட்டான். காம்போவாக மாற்றலாமா என்றது. மாற்றினான். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் பெரிய கோலா என்றது. சரி என்றான். சீஸ் வேண்டுமா, கடைசியில் ஐஸ்கிரீம் வேண்டுமா? எல்லாவற்றுக்கும் சரி. பில் 437 ரூபாய். அவனுக்குப் பசித்தது என்னவோ 99 ரூபாய்க்குத்தான். மிச்சம் 338 ரூபாய்க்கு அந்தத் திரைக்குத்தான் பசி.

இந்த வித்தை பழசு. அமெரிக்காவில் டேவிட் வாலர்ஸ்டீன் என்று ஒருவர் சினிமா தியேட்டர் நிர்வாகத்தில் இருந்தார். என்ன செய்தும் ஒரு ஆள் இரண்டாவது பொட்டலம் பாப்கார்ன் வாங்குவதில்லை. ஆசை இல்லாமல் இல்லை, பெருந்தீனிக்காரன் என்று பக்கத்து சீட்டுக்காரன் நினைத்துவிடுவானோ என்கிற கூச்சம். அப்பத்தா முன்னால் எங்களுக்கு வந்த அதே கூச்சம்தான். வாலர்ஸ்டீன் பொட்டலத்தைப் பெரிசாக்கினார். ஒரே பொட்டலம்தானே, கூச்சம் ஓடிவிட்டது. பின்னால் மெக்டொனால்ட்ஸ் நிர்வாகக் குழுவுக்கு வந்து உருளைக்கிழங்குப் பொட்டலத்தையும் பெரிசாக்கச் சொன்னார். முதலாளி ரே கிராக், வேண்டுமென்றால் இரண்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்றுதான் முதலில் மறுத்தார், அப்புறம் இறங்கி வந்தார். உங்கள் புதன்கிழமை ஆஃபரும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இரண்டாவது பர்கரை யாரும் கேட்டு வாங்கவில்லை, அதுவாக வந்தது.

வந்ததை வைத்துக்கொண்டு நிதானமாகத் தின்கிறோமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க அரசின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது பேரை ஒரு மாதம் தங்கவைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. இரண்டு வாரம் ஆலையில் பக்குவம் செய்து வந்த உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இனிப்பு, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வைத்து, வேண்டுமட்டும் தின்னச் சொன்னார்கள். ஆலை உணவில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. அதைத் தின்ற வேகமும் அதிகம். மென்மையாக இருக்கிறது, மெல்ல வேண்டியதில்லை, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலி. ஒவ்வொன்றாக உப்பி வருகிற பணியாரத்தில் இது நடக்காது.

நல்லது உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பத்துக் கிளையோ அதற்கு மேலோ உள்ள கடைகள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. நம் தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் சில்லி சிக்கனுக்கு எத்தனை கலோரி என்று கேட்டுப் பாருங்கள், மாஸ்டர் கரண்டியாலேயே பதில் சொல்வார். எண்ணெய் எத்தனையாவது தடவை கொதிக்கிறது என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம், காலேஜ் பெண் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்க நம் ஊரில் இதைவிட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது? யார் வீட்டுப் பெண் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நூறு ரூபாய்க்கு அது மலிவுதான். என் வயதில் எனக்குக் கோயிலைத் தவிர வேறு இடம் இருந்ததில்லை.

அடுத்தது உங்கள் கணக்கு. மட்டன் விலையையும் பர்கர் விலையையும் மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர் அடுப்படியில் நிற்கும் ஒன்றரை மணி நேரத்தை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்? பர்மாவிலும் மலேயாவிலும் நம் செட்டியார்கள் கடை நடத்திய காலத்தில் ஒரு கணக்குப்பிள்ளை இப்படிப் பேரேடு எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அடுப்படி கசக்கிறதோ இல்லையோ, உங்கள் மனைவிக்குக் கால் வலிக்கிறது. புதன்கிழமை நீங்கள் போய் நின்று ஒரு ரசம் வைத்து, அப்பளம் பொரித்துப் பாருங்கள். அதற்கப்புறம் இந்த வரியை மறுபடி எழுத உங்களுக்குக் கை வராது.

இங்கிலாந்தில் 2025 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் சிப்ஸ், மிட்டாய் மாதிரிச் சரக்குக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை கரிக்கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். முந்தி ஹோட்டல் பலகையில் ‘அளவுச் சாப்பாடு’ என்று ஒரு வரி இருக்கும், அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் ஆஃபர் படம் வருவதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு பசி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கோலாவை அடியோடு விடுங்கள். 300 மில்லியில் முப்பது கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்கிறது, கடைக்கு லாபமும் அதில்தான் அதிகம். வீட்டில் மோர் இருக்கும். இலவச பர்கரைப் பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும், சண்டை வரும், வரட்டும். மாதத்தில் நாலு புதனை இரண்டாகக் குறைக்க முடிந்தால் நல்லது. நிறுத்தவெல்லாம் வேண்டாம். நிறுத்தினால் பிள்ளைகள் வெளியே தின்றுவிட்டு வந்து உங்களிடம் பசியில்லை என்பார்கள்.

ஆத்தாவுக்கு வருகிறேன். அவர்களைத் தடுக்காதீர்கள். சின்னப் பொட்டலமாக, உப்புப் போடாமல் வேண்டும் என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். தட்டில் உப்புத் தூவி வைத்திருப்பதைக் கொடுக்க முடியாது என்பதால் பெரும்பாலும் புதிதாகப் பொரித்துச் சூடாகத் தருவார்கள். பிரஷருக்கும் நல்லது. உப்பில்லை என்று ஆத்தா திட்டினால், ஆச்சி சொன்னார்கள் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆச்சி