கறுப்பு மையில் இருபது பேட்மேன்கள்

அன்பின் அண்ணனுக்கு,

கல்முனையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு புத்தகத்தைப் பேசுகிறோம். இம்முறை கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர் கொண்டுவந்த 'பேட்மேன்: பிளாக் அண்ட் வைட்' என்ற காமிக்ஸ் தொகுப்பை எடுத்துக்கொண்டோம். கருத்து ஒன்றுபடவேயில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் புத்தகத்தில் கலர் இல்லையா என்றார் ஒருவர். எட்டுப் பக்கத்தில் கதை சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது என்றார் இன்னொருவர். பல கதைகளில் பேட்மேன் ஓரமாக வந்து போகிறார் என்பது மூன்றாமவரின் குறை. எங்களில் மூத்தவர் ஒருவர், "இரும்புக்கை மாயாவியிலேயே இதையெல்லாம் பார்த்துவிட்டோம், புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மட்டக்களப்பில் ஓவியம் படிக்கும் தங்கை ஒருவர் மட்டும் புத்தகத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் இருந்தார். ஏன் பிடித்தது என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் காமிக்ஸ் பற்றித் தொடர்ந்து எழுதுபவர். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், கல்முனை

அன்பின் தம்பி,

ஒரு காமிக்ஸ் புத்தகத்தை வைத்து ஏழெட்டுப் பேர் வாதாடியிருக்கிறீர்கள். அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கடிதத்தில் இந்தப் புத்தகத்தை வரைந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. எல்லோரும் கதையைப் பேசியிருக்கிறீர்கள், அல்லது புத்தகத்தின் விலையைப் பேசியிருக்கிறீர்கள். இந்தத் தொகுப்போ வரைபவர்களுக்காகவே உருவான ஒன்று. 1996இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி இதை நான்கு இதழ்களாக வெளியிட்டது. இதழுக்கு ஐந்து கதைகள், கதைக்கு எட்டுப் பக்கங்கள். மார்க் சியாரெல்லோவும் ஸ்காட் பீட்டர்சனும் தொகுப்பாசிரியர்கள். சியாரெல்லோ தாமே ஓவியர். ஒரே பாத்திரத்தை இருபது கைகளிடம் கொடுத்து, மையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டதுதான் இந்தப் புத்தகம்.

மூத்தவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கூட்டத்தில் எழுந்தவற்றில் அதுதான் கனமான கேள்வி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. அதன் மூலம் 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் கதாநாயகன் லூயிஸ் கிராண்டேலின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் மிஞ்சும் அந்தக் கட்டங்களை மூத்தவர் மறந்திருக்க மாட்டார். உடல் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்கோ எதையும் வரையவில்லை. வெறும் தாள்தான் அங்கே மனிதன். அந்த வெற்றிடத்தில் ஒருவர் நிற்கிறார் என்பதைச் சுற்றியிருக்கும் நிழலும், கை தொங்கும் உயரமும், எதிரில் நிற்பவனின் பயந்த கண்ணும் சொல்லிவிடும். கறுப்பு வெள்ளையை எப்படி வாசிப்பது என்று நம்மவர்கள் அங்கேதான் பழகினார்கள். அந்த அளவில் மூத்தவர் சொல்வது முழு உண்மை.

ஆனால் அந்த வார இதழ்கள் மலிவாக அச்சிடவேண்டிய கட்டாயத்தில் கறுப்பு வெள்ளையில் வந்தவை. பிளாஸ்கோ அந்தக் கட்டாயத்துக்குள் நின்று அற்புதம் செய்தார். 1996இன் நிலைமை வேறு. அமெரிக்க காமிக்ஸில் கணினி வண்ணம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. எந்த நிறமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அதை வேண்டாம் என்று வைத்தார்கள். எனவே "இதில் கலர் இல்லையே" என்ற நண்பரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: எந்தப் பக்கத்தில் கலர் குறைந்தது? பேட்மேனின் மேலங்கி நீலமாகத் தெரிவதற்கே பழைய அச்சு முறைதான் காரணம். கறுப்புத் துணியில் வெளிச்சம் படும் இடத்தைக் காட்ட நீலம் பூசினார்கள். நாளடைவில் அந்த நீலமே உடையின் நிறமாக நிலைத்துவிட்டது. இந்தத் தொகுப்பில் மேலங்கி மறுபடி கறுப்பாகிறது. இரவும் கறுப்பு, அவரும் கறுப்பு. இரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது, எங்கே போடாமல் விடுவது என்பதை ஒவ்வொரு ஓவியரும் தாமே தீர்மானித்தாக வேண்டும். வழக்கமான இதழ்களில் தூரத்தையும் நேரத்தையும் மனநிலையையும் வண்ணம் பூசுபவர் பங்குபோட்டுச் சுமப்பார். இங்கே அந்தச் சுமை முழுவதும் வரைபவரின் தோளில்.

கேரி ஜியான்னி வரைந்த 'ஹீரோஸ்' கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் என்று நம் கண் நினைக்கும் இடமெல்லாம் மெல்லிய பேனாக் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே இழுத்து, நெருக்கமாகப் போட்ட இடம் இருட்டாகவும், விலக்கிப் போட்ட இடம் வெளிச்சமாகவும் நிற்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய சஞ்சிகைகளின் சித்திரங்களை அது நினைவூட்டும், கதையும் பழைய காலத்தில் நடப்பதுதான். 1997இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது, சிறந்த சிறுகதைப் பிரிவில், அதற்குக் கிடைத்தது. அதை மூடிவிட்டு உடனே 'தி டெவில்ஸ் டிரம்பெட்' கதைக்குப் போங்கள். அர்ஜென்டினாவின் ஹோசே முன்யோஸ் வரைந்தது. மெல்லிய கோட்டுக்கே அங்கே இடமில்லை. பெரிய பெரிய கறுப்புத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே வெள்ளையில் வெட்டியெடுத்தாற்போல முகங்கள். இரண்டையும் எழுதியவர் ஆர்ச்சி குட்வின். எழுதிய கை ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால் ஒரே புத்தகம் என்று யாரும் நம்பமாட்டார்கள். தங்கைக்குச் சொல்லத் தெரியாமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன். அவர் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

நம் மட்டக்களப்பில் கூத்துப் பார்க்கப் போகிறவர் அருச்சுனன் கதை தெரியாமலா களரிக்கு முன்னால் உட்காருகிறார்? கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இம்முறை பாத்திரங்களின் வரவை எப்படிப் பழக்கியிருக்கிறார், மத்தளத்துக்கு ஆட்டக்காரனின் கால் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கத்தான் விடியும்வரை இருக்கிறார். அந்தக் கண்ணோடு இந்தப் புத்தகத்தைத் திறந்தால் "புதிதாக என்ன இருக்கிறது" என்ற கேள்விக்கு ஒவ்வொரு எட்டாவது பக்கத்திலும் விடை கிடைக்கும்.

பேட்மேன் ஓரமாக வருகிறார் என்ற குறையை நான் ஏற்கவில்லை. புரூஸ் டிம் எழுதி வரைந்த கதையில் பாதி முகம் சிதைந்த வில்லனாக இருந்து முகம் சீரான ஹார்வி டென்ட்டும், அவனுக்குச் சிகிச்சை செய்த மருத்துவரும், அவருடைய இரட்டைச் சகோதரியும்தான் மையம். அது அப்படித்தான் இருக்கவேண்டும். டெட் மெக்கீவரின் கதையில் பேட்மேன் பிணவறையில் ஒரு பெண்ணின் உடலோடு தனியாக நிற்கிறார். அடிதடி ஒன்றும் கிடையாது. இறந்தவள் யார் என்று அறிய முயலும் ஒருவனின் பொறுமை மட்டுமே கதை. என் கணக்கில் பேட்மேனை மிக நெருங்கிக் காட்டும் பக்கங்கள் அவை.

எட்டுப் பக்கம் போதாது என்ற நண்பரோடு பாதி உடன்படுகிறேன். வில் ஐஸ்னர் 1940இலிருந்து 'தி ஸ்பிரிட்' தொடரில் வாராவாரம் ஏழெட்டுப் பக்கத்தில் முழுக் கதை சொன்னவர். குட்வினும் 1960களில் 'கிரீப்பி' என்ற கறுப்பு வெள்ளைச் சஞ்சிகையைத் தொகுத்தவர், சில பக்கங்களில் கதையை முடிப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆக அளவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபதும் தேறவில்லை. நீல் கெய்மன் எழுதி சைமன் பிஸ்லி வரைந்த கதையில் பேட்மேனும் அவருடைய பரம எதிரி ஜோக்கரும் படப்பிடிப்புக்குக் காத்திருக்கும் நடிகர்களைப் போலப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு யோசனையை எட்டுப் பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள். பிஸ்லியின் பலம் வண்ணத்தில்தான். இங்கே அவர் கை கட்டுண்டு கிடக்கிறது.

மூத்தவருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியரின் பெயரை அச்சிடுவதில்லை. அதனால் நாம் வருடக்கணக்காக நேசித்த கைக்குச் சொந்தக்காரர் பிளாஸ்கோ என்பது நமக்குத் தெரியாமலே போனது. மாயாவியைத் தெரியும், வரைந்தவரைத் தெரியாது. அந்த அநியாயம் எனக்கு இன்றும் வலிக்கிறது. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் வரைந்தவரின் பெயர் இருக்கிறது. பெயர் போட்டுத் தந்த பிறகும் அதைச் சொல்லாமல் கருத்துச் சொல்வது சரியில்லை, தம்பி. அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை மறுபடி எடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் தெரிவுசெய்து, வசனத்தை வாசிக்காமல், இதில் இருட்டு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் பேசுங்கள்.

தங்கை படிப்பது கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் என்று ஊகிக்கிறேன். அவர் எட்டுப் பக்கத்தில் ஒரு கதை வரையட்டும். ஒரு தூரிகை, ஒரு போத்தல் கறுப்பு மை, நல்ல தடித்த தாள் போதும், போட்டோக்கொப்பி எடுத்தாலும் கெடாது. மூத்தவரே கதை சொல்லலாம். வரைந்து முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், இருவர் பெயரையும் மேலே போட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்