அரபி தெரியாதவர்கள் அரபியில் எழுதும்போதும் பேசும்போதும் பொதுவாக எங்கே தவறுகிறார்கள்?

மும்பையில் டோங்ரி பக்கம் ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் கடையில் எனக்கு வேலை. வளைகுடாவுக்குப் போகிறவர்களின் படிப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, பவர் பத்திரம் எல்லாவற்றையும் அரபியில் மாற்றி டைப் செய்து கொடுப்போம். தமிழில் பேசலாம் என்பதால் தாராவியிலிருந்து வருகிற நம்மூர் ஆட்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள். அதனால் இலக்கணப் புத்தகத்தை விட்டுவிட்டு, கைக்கு வரும் தாளிலும் காதில் விழும் பேச்சிலும் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

எழுதுகிறபடியே பேசுவார்கள் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. உலகத்தில் வேறு யார் இதைச் செய்தாலும் தமிழர்கள் செய்யக் கூடாது. "நேற்று அவரைப் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டு "நேத்து அவர பாக்கல" என்று பேசுகிற கூட்டம் நாம். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் அரபியும் ஒன்று (நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகியவை மற்றவை). செய்தி, நீதிமன்றம், பாடப்புத்தகம், அரசாங்கக் கடிதம் எல்லாம் ஃபுஸ்ஹா, அதாவது எழுத்து வழக்கு. வீடு, கடை, டாக்ஸி எல்லாம் ஆம்மியா, அதாவது பேச்சு வழக்கு. அந்த ஆம்மியாவும் ஊருக்கு ஊர் மாறும்.

இதில் தவறுகிறவர்கள் இரண்டு வகை. மதரசாவிலோ கல்லூரியிலோ படித்துவிட்டு வருகிறவர்கள் டாக்ஸி டிரைவரிடம் ஃபுஸ்ஹாவில் வேற்றுமை உருபெல்லாம் போட்டுப் பேசுவார்கள். அவருக்குப் புரியும், மரியாதையாகவே பதில் சொல்வார், ஆனால் அவர் பதில் சொல்கிற அரபி இவருக்குப் புரியாது. இன்னொரு வகை, வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். "அனா மாஃபி மாலூம்" (எனக்குத் தெரியாது), "இன்தா ரோஹ்" (நீ போ), "ஸவ்வி டெலிஃபோன்" (போன் பண்ணு) என்று சரளமாக ஓடும். இதை மொழியியலில் வளைகுடா பிட்ஜின் அரபி என்கிறார்கள். வினைச்சொல் மாறவே மாறாது, ஆண் பெண் கிடையாது, எதற்கும் "மாஃபி" போட்டால் இல்லை என்று ஆகிவிடும். இதை நான் கேலி செய்ய மாட்டேன். தமிழரும் மலையாளியும் வங்காளியும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒரே இடத்தில் வேலை செய்யப் பிறந்த பேச்சு அது, அரபிகளே தொழிலாளிகளிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். பயோடேட்டாவில் "அரபி: நன்றாகப் பேசுவேன்" என்று அதை நம்பி எழுதும்போதுதான் சிக்கல். ஒரு பெண் அதிகாரியைப் பார்த்து "இன்தா" என்றால் "நீ" என்று ஓர் ஆணை அழைத்த மாதிரி. பெண்ணுக்கு "இன்தி". ஏவல் வினையும் அதற்கேற்ப மாற வேண்டும். "ஹபீபி"யும் இப்படித்தான், ஆண்கள் தங்களுக்குள் தாராளமாகச் சொல்லிக்கொள்வார்கள், முன்பின் தெரியாத பெண்ணிடம் அதை நீட்டக் கூடாது.

ஊர் வழக்கைக் கலந்தடிப்பது அடுத்தது. மழைக்காலத்தில் மழை பார்க்கவென்றே மும்பைக்கு வருகிற அரபிகள் உண்டு. சிகிச்சைக்கு ஓமன், ஏமன், ஈராக் ஆட்கள் வருகிறார்கள். "இப்போது" என்பதற்கு ஃபுஸ்ஹாவில் அல்ஆன், எகிப்தில் தில்வஅத்தி, சிரியா லெபனான் பக்கம் ஹல்லஅ, வளைகுடாவில் அல்ஹீன், ஈராக்கில் ஹஸ்ஸ. சொல் தெரியாமல் போனால் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளலாம். ஒரே சொல் வேறு பொருளில் வரும்போதுதான் வம்பு. "லபன்" என்றால் எகிப்தில் பால், லெபனான் பக்கம் தயிர், வளைகுடாவில் மோர். வெறும் வயிற்றில் என்ன குடித்தாய் என்று நோயாளியிடம் கேட்கிற இடத்தில் இந்த மூன்றும் ஒன்றல்ல. பல நாடுகளில் "ஆஃபியா" என்றால் உடல்நலம், "உனக்கு ஆஃபியா கிடைக்கட்டும்" என்பது அன்றாட வாழ்த்து. மொராக்கோவில் அதே சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். யூடியூபில் லெபனான் வகுப்பு ஒன்று, எகிப்து சீரியல் ஒன்று, நடுவில் கொஞ்சம் குர்ஆன் ஓதல் என்று கலந்து கற்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போகிற நாட்டு வழக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கு ஃபுஸ்ஹாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள் "எனக்கு அரபி படிக்கத் தெரியும்" என்பது பாதிதான் சரி. குர்ஆனில் ஜபர், ஜேர், பேஷ் என்கிற உயிர்க்குறிகள் எல்லாம் போட்டு அச்சிட்டிருக்கும். விசா தாளிலும் செய்தித்தாளிலும் அந்தக் குறிகள் கிடையாது. காஃப், தா, பா என்று மூன்று எழுத்து மட்டும் நிற்கும். அது "எழுதினான்" என்பதா, "எழுதப்பட்டது" என்பதா, "புத்தகங்கள்" என்பதா என்று வாக்கியத்தைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். மும்பையில் அரபி வேலையை உருது தெரிந்தவரிடம் கொடுப்பது சர்வ சாதாரணம். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் உருது கீபோர்டில் வரும் காஃபும் யேயும் கம்ப்யூட்டருக்கு வேறு எழுத்துகள், யூனிகோடில் அவற்றுக்குத் தனி எண். கண்ணுக்கு அதே பெயராகத் தெரியும், அரபு நாட்டு அலுவலகத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. இன்னொன்று, சொல்லின் கடைசியில் வரும் உருது யேக்குக் கீழே புள்ளி கிடையாது, அரபியில் இரண்டு புள்ளி வேண்டும். "அலீ" என்ற பெயரில் அந்தப் புள்ளிகள் விட்டுப்போனால் "அலா" என்று படிக்கலாம், அதற்கு "மீது" என்று பொருள். எகிப்தில் அவர்களே புள்ளி வைக்காமல் எழுதுவார்கள், அது வேறு கதை.

எழுத்து உடைவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. அரபியில் எழுத்துகள் கைகோத்துத்தான் நிற்கும், முதலில் வந்தால் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியாக ஒன்று. அலிஃப், தால், ஸால், ரா, ஸா, வாவ் ஆகிய ஆறு மட்டும் தனக்குப் பின்னால் வருவதோடு சேராது. அரபி ஆதரவு இல்லாத டிசைன் மென்பொருளில் வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து இடமிருந்து வலமாக ஓட ஆரம்பிக்கும். பழைய போனில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் சிதறிக் கிடக்குமே, அந்தக் கோலம்தான். பிரியாணிக் கடைப் பலகை, அத்தர் கடை பில், கல்யாணப் பத்திரிகை, கையில் பச்சை குத்தியது என்று எல்லாவற்றிலும் பார்க்கிறேன், பச்சையை மட்டும் திருத்தி அச்சடிக்க முடியாது. சில டிசைனர்கள் அழகுக்காக எழுத்துக்கு நடுவே இடைவெளி விடுவார்கள், ஆங்கிலத்தில் நன்றாக இருக்கும், அரபியில் சொல்லே அறுந்துபோகும். நீளம் வேண்டுமென்றால் சேரும் கோட்டைத்தான் இழுக்க வேண்டும்.

நம்மூர்ப் பெயர்கள் தனிக் கூத்து. பாஸ்போர்ட்டில் எழிலரசன் என்ற பெயரில் ழகரம் இரண்டு ஆங்கில எழுத்தாக இருக்கும், அதைப் பார்த்து அரபி டைப்பிஸ்ட் "ஸ" போட்டுவிடுவார், எழிலரசன் இஸிலராஸான் ஆகிவிடுவார். லாம் போட்டால் உச்சரிப்பாவது பக்கத்தில் வரும். பாண்டியனில் உள்ள பகரம் அரபியில் கிடையாது, பேபி என்பதில் வருகிற ப-தான் வரும். இதில் நாம் கோபப்படக் கூடாது, நம் எழுத்திலும் இரண்டுக்கும் ஒரே "ப"தானே. செல்வத்தில் வகரத்துக்கு ஃபா போடுவார்கள், எகரம் அரபியில் இல்லை, குறிலை எழுதவும் மாட்டார்கள். சீன், லாம், ஃபா, மீம். படிக்கிறவர் ஸல்ஃபம் என்பார், ஸில்ஃபிம் என்பார், அவர் பாடு. கோபாலின் முதல் எழுத்துக்கு நாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. கூகுள் என்ற பெயரையே எகிப்தில் ஜீம் போட்டும், லெபனான் பக்கம் கைன் போட்டும், சவூதியில் அடித்தொண்டைக் காஃப் போட்டும் எழுதுகிறார்கள். எது சரி என்று சண்டை போடுவதை விட, உங்கள் பழைய இகாமாவில் (குடியிருப்பு அட்டையில்) எப்படி இருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் போடச் சொல்லுங்கள். மூன்று தாளில் மூன்று விதம் இருந்தால்தான் ஆபத்து.

"அல்" என்ற முன்னொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியின் 28 எழுத்துகளில் பாதி, அதாவது 14, தனக்கு முன்னால் வரும் லாமை விழுங்கிவிடும். அல் ஸலாம் என்பது அஸ்ஸலாம் ஆகும், அல் ஷம்ஸ் அஷ்ஷம்ஸ் ஆகும். நல் திணை நற்றிணை ஆவதைப் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் புணர்ந்ததைப் புணர்ந்தபடியே எழுதுகிறோம், அவர்கள் லாமை எழுதிவிட்டு உச்சரிக்காமல் விடுகிறார்கள். காதில் கேட்டபடி எழுதுகிறவர்கள் லாமையே விட்டுவிடுவது இதனால்தான், எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் "அல் ஸலாம்" என்பதும் இதனால்தான். அப்த் அல் ரஹ்மான் என்ற பெயரையும் சேர்த்து அப்துர்ரஹ்மான் என்றுதான் சொல்ல வேண்டும். "அப்துல்" என்று பாதியில் வெட்டி ஒருவரைக் கூப்பிடுவது மும்பை வழக்கம், அரபிக்குக் கேட்டால் மீதி எங்கே என்றுதான் தோன்றும்.

உச்சரிப்பில் இதயமும் நாயும் தமிழில் ஒரே "கல்ப்" ஆகிவிடும் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். நமக்குச் சாதகமான ஒன்றைச் சொல்கிறேன். குறில் நெடிலும், ஒற்று இரட்டிப்பதும் தமிழர் காதுக்கு இயல்பாக வரும். ஹம்மாம் குளியலறை, ஹமாம் புறா (சோப்பு வாங்கும்போது யோசித்துக்கொள்ளுங்கள்). தரஸ என்றால் படித்தான், தர்ரஸ என்றால் படிக்கவைத்தான், கற்பித்தான். ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு என்று நாமும் ஒற்றைப் போட்டுத்தானே பிறவினை ஆக்குகிறோம்? இவ்வளவு கையில் இருந்தும் அவசரத்தில் எல்லா ஒற்றையும் விழுங்கிவிடுகிறோம்.

ரமலான் என்று தமிழர் சொல்வதை மும்பையில் உருது பேசுகிறவர்கள் திருத்த வருவார்கள், அது ரம்ஜான் என்று. இரண்டுமே இன்றைய அரபி உச்சரிப்பு இல்லை. இதில் வருவது ளாத் என்ற எழுத்து, இன்று பெரும்பாலும் கனத்த தகரமாகச் சொல்கிறார்கள். ஆனால் 8ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர் சீபவைஹி அந்த ஒலியை விவரிக்கும்போது நாக்கின் பக்கவாட்டில் பிறப்பதாகச் சொல்கிறார், அதாவது லகர ளகரத்துக்குச் சொந்தக்கார ஒலி. இலங்கையில் ரமழான் என்று எழுதுகிறார்களே, அதை அறியாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கையில் நம்மவர் எல்லோரும் சொல்வது "இத்னேன் ரியால்". அரபியில் இரண்டுக்குத் தனி வடிவம் இருக்கிறது, ரியாலேன் என்றாலே இரண்டு ரியால்தான். மூன்றிலிருந்து பத்து வரை பன்மை, பதினொன்றிலிருந்து மறுபடி ஒருமை. தலாதா ரியாலாத், ஆனால் கம்ஸீன் ரியால். பத்து மாடு, பத்து ரூபாய் என்று ஒருமையிலேயே ஓட்டுகிற நமக்கு அந்த மூன்று முதல் பத்து வரைதான் வழுக்கும்.

கடைசியாக இலக்கங்கள். வளைகுடாவில் பல இடங்களில் புழங்கும் இலக்கங்களில் வட்டமாக இருப்பது ஐந்து, வெறும் புள்ளி பூஜ்யம், நம் 7 போலத் தெரிவது ஆறு. உருதுவில் 4, 5, 6 எழுதும் வடிவம் கொஞ்சம் வேறு, அதனால் உருது தெரிந்தவர்களும் இதில் தடுக்குவார்கள். சொற்கள் வலமிருந்து இடம் போனாலும் எண்ணை நம்மைப் போலவே பெரிய இலக்கம் இடப்பக்கம் இருக்கும்படிதான் எழுதுகிறார்கள், ஆகவே போன் நம்பரைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஓமன் ரியாலில் 1000 பைசா, குவைத் தினாரில் 1000 ஃபில்ஸ், அதனால் விலையில் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரும். சீட்டில் ஒன்று, ஒரு தசமக் குறி, ஐந்து, இரண்டு பூஜ்யம் இருந்தால் அது ஒன்றரை ரியால். ஆயிரத்து ஐந்நூறு இல்லை.