புயல் பார்க்காததைத் திட்டம் பார்க்கிறது

கேள்வி: புயலும் வெள்ளமும் இனம், மொழி பார்த்தா வருகின்றன? பேரிடர்த் திட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதாதா? அதிலும் எதற்கு இனவாரிப் பேச்சு?
– ஒரு வாசகர், திருவள்ளூர்

பதில்: புயல் பார்ப்பதில்லைதான். ஆனால் திட்டம் எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டை மனதில் வைத்தே எழுதிவிடுகிறார்கள். அதைத்தான் நீங்கள் ‘பொது’ என்கிறீர்கள்.

2005-இல் கத்ரினா புயல் வந்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் திட்டமில்லாமல் இருக்கவில்லை. நெடுஞ்சாலையின் இரு பக்கத்தையும் வெளியேறும் வழியாக்கினார்கள். கார் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால், நகரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கார் வசதி கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கட்டாய வெளியேற்ற உத்தரவு ஆகஸ்ட் 28 அன்று வந்தது, மறுநாள் காலை புயல் கரையைக் கடந்தது. பள்ளிப் பேருந்துகள் இருந்தும் ஓட்டுநர்களை முன்கூட்டியே அமர்த்தவில்லை. வண்டிகள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின.

2008-இல் குஸ்தாவ் புயலுக்கு, கார் இல்லாதவர்களை நகர நிர்வாகமே பேருந்திலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பியது. இன்று அங்கே 17 ஏறுமிடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கை உயர்த்தி நிற்கும் உலோக உருவம் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் இடம் தெரியும்.

மொழிச் சிக்கல் வேறு வகை. 2017-இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் காட்டுத்தீ பரவியபோது, வென்ச்சுரா பகுதித் தோட்டங்களில் மெக்சிகோவிலிருந்து வந்த மிஸ்டெக் பழங்குடித் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது, ஸ்பானிஷும் சரளமில்லை. அவர்கள் மொழி பெரும்பாலும் பேச்சில் வாழ்வது என்பதால், துண்டறிக்கையை மொழிபெயர்த்தாலும் பயனில்லை. அவர்கள் மொழியில் பேசும் உள்ளூர்ச் சமூக வானொலிதான் கைகொடுத்தது.

ஆகவே, முடிவெடுத்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடாதீர்கள். முடிவெடுக்கும் கூட்டத்துக்கே அம்மக்களை அழையுங்கள். கூட்டத்தை வேலை நாளின் பகலில் வைத்தால் கூலிக்காரர் வரமாட்டார். மாலையில் வையுங்கள், வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். ‘உடனே கிளம்புங்கள்’, ‘இந்த இடத்தில் வண்டி நிற்கும்’, ‘இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்’ போன்ற நான்கைந்து செய்திகளை அரை நிமிடக் குரல் பதிவாக இப்போதே எடுத்து வையுங்கள். நள்ளிரவில் மொழி தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார், கடைசியில் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். முகாம் வாசலில் அடையாள அட்டை கேட்காதீர்கள். ஆவணம் இல்லாதவர் அதற்குப் பயந்தே வெள்ளத்தில் தங்கிவிடுவார். ஒத்திகையில் உள்ளூர் மொழி தெரியாத பத்துப் பேரை உதவியின்றி ஏறுமிடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பலகையை மாற்றுங்கள்.

உங்கள் மாவட்டச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. ரேஷன் அட்டையை வைத்து மீட்புப் பட்டியல் எழுதினால் அதில் அவர்கள் இருக்கமாட்டார்கள். சூளை சூளையாகப் போய்த் தலை எண்ணுங்கள். மேஸ்திரி சொல்லும் கணக்கோடு நிறுத்தாதீர்கள், அதில் குழந்தைகள் விடுபடுவார்கள்.