சுங்கை சிப்புட்டிலிருந்து லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருபது வருடமாக விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில் படிக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகன் டிசம்பரில் கோலாலம்பூரில் இரவு 11 மணிக்கு ஏறுகிறான். லண்டனில் காலை 5 மணி என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறு மணி நேரம்தானா?

இல்லை அக்கா, ஏறத்தாழ 14 மணி நேரம். ஏறும் நேரம் நம் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. டிசம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும், அவர்களுடைய கோடையில் 7. அவன் இறங்கும்போது இங்கே மறுநாள் பகல் 1 மணி. ராத்திரியெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிந்துதான் அழைப்பான்.

கேள்வி: திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் குறைகிறதே?

காற்றுதான் காரணம். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும், சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். திரும்பும்போது விமானம் கிழக்கே வருவதால் அது பின்னாலிருந்து தள்ளும். பேரா ஆற்றில் நீரோட்டத்தோடு படகு விட்டவர்களுக்கு இது புரியும்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி மாணவி): வரைபடத்தில் விமானம் ஏன் வளைந்து போகிறது?

நல்ல கேள்வி தங்கச்சி. பள்ளியில் உள்ள பூமி உருண்டையில் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். வங்காள விரிகுடா, வட இந்தியா, நடு ஆசியா, ரஷ்யா என்று வடக்கே ஏறிப் போகும். அதுதான் உண்மையில் குறுக்குவழி, சுமார் 10,600 கிலோமீட்டர். தட்டையான தாளில் அது வளைவாகத் தெரிகிறது. ஆனால் விமானம் அந்த நூல் மேலேயே போவதில்லை. 2014 ஜூலையில் உக்ரைன் மேலே நம் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதை நம் நாட்டில் யாரும் மறக்க மாட்டோம். போர் நடக்கும் இடத்தைச் சுற்றிப் போனால் நேரம் கூடும், கூடட்டும்.

கேள்வி: முன்பு இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம்?

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கினார்கள். அதிலிருந்து இரண்டரை.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சென்னைக்கு அழைத்துப் போகலாமா?

பறப்பது 2,600 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்தான். ஆனால் இங்கிருந்து கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) போகவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். என் அம்மா சின்ன வயதில் ரஜுலா கப்பலில் ஒரு வாரம் கடல் கடந்து வந்தவர். "நாலு மணி நேரம் என்னடா" என்றார். நானும் டிக்கெட் நேரத்தை மட்டும்தான் கணக்குப் பார்த்தேன். விடியற்காலை கிளம்பியவர் பசியாறியதோடு சரி, காரிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தபடியே வந்தார். சென்னையில் இறங்கியபோது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நீங்கள் முதல் நாளே கிளம்பி, விமான நிலையம் பக்கம் ஒரு இரவு தங்குங்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.