முன்பல் ஃபில்லிங் மஞ்சளாகிவிட்டது, பிளீச்சிங் செய்யலாமா?

கேள்வி: வயது 29. முன்பல் ஓரம் உடைந்து 5 வருடத்துக்கு முன் பல் நிறத்திலேயே ஃபில்லிங் செய்துகொண்டேன். இப்போது போட்டோவில் அது மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. சொத்தையா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பிளீச்சிங் செய்தால் சரியாகிவிடுமா?

பதில்: பிளீச்சிங்குக்கு நாள் குறித்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அந்த மருந்து உங்கள் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், ஃபில்லிங்கின் மேலுள்ள கறை கொஞ்சம் குறையலாமே தவிர உள்நிறம் மாறாது. சுற்றிலும் பல் வெளுத்துவிட்டால் அந்த மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

உங்களுக்குப் போட்டிருப்பது காம்போசிட்டாகத்தான் இருக்கும். ரெசின் என்ற பிளாஸ்டிக் போன்ற பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பொருள் அது, பல்லில் வைத்து நீல ஒளி காட்டி இறுக வைப்போம். எவ்வளவு நன்றாக ஒளி காட்டினாலும் ரெசினில் ஒரு பகுதி இறுகாமல் மிஞ்சும். இறுகுவதற்காகச் சேர்க்கும் காம்ஃபர்குயினோன் இயல்பிலேயே மஞ்சள் நிறம், அதற்குத் துணையாகச் சேரும் அமீனும் வருடங்கள் போகப் போக ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, ஒழுங்காகப் பல் தேய்ப்பவர்களுக்கும் இதே கதைதான். அப்புறம், ரெசின் எச்சிலிலிருந்து மெல்ல நீரை உறிஞ்சும், அதோடு டீ, காபி, சமையல் மஞ்சள் எல்லாவற்றின் நிறமும் உள்ளே இறங்கும். அதற்காகச் சாம்பாரை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் எப்போதோ ஈறு வீக்கத்துக்கு எழுதிக்கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பழுப்புக் கறைக்கு அது பேர்போனது.

சொத்தையா என்றால், நிற மாற்றத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஃபில்லிங் முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பொருளுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு ஓடினால் ஒட்டு லேசாக விட்டு அங்கே கறை ஏறியிருக்கலாம், அதுவும் எப்போதும் சொத்தையாக இருக்காது. கூச்சம், குழி, நாக்கில் தட்டுப்படும் இடைவெளி இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

எடுத்த எடுப்பில் "முழுசாக எடுத்துவிட்டு மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். மேல்கறை என்றால் பாலிஷ் போதும், அதில் போகவில்லையென்றால் மேலே ஓர் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். பல்லின் மேல் பொருத்தும் செராமிக் உறை இப்படி நிறம் மாறாது, வாஸ்தவம்தான், ஆனால் ஓரம் உடைந்ததற்காக ஒரு பல்லையே அதற்குத் தோதாகச் செதுக்க எனக்கு மனம் வராது.

பல் முழுவதையும் வெளுக்கத்தான் வேண்டும் என்றால் பிளீச்சிங்கை முதலில் முடித்து, குறைந்தது 2 வாரம் விட்டுப் புது ஃபில்லிங் வையுங்கள். உடனே வைத்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது, பல்லின் நிறமும் அதற்குள் நிலைத்திருக்காது. நிறம் பார்ப்பதை நாற்காலியில் உட்கார்ந்ததுமே, பல் ஈரமாக இருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள், காய்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருப்பதால் இந்த வாரமே ஆரம்பித்தால் இத்தனைக்கும் நேரம் இருக்கிறது.